என் மாற்றுக் காற்று மச்சானிடம் இருக்கிறது

முதுகில் காற்று சிலிண்டரோடு கடலில் மூழ்கும் ஸ்கூபாவுக்குச் சாமான் விற்பவர்களிடம் ஒரு பழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். வாயில் வைத்து மூச்சு விடும் ரெகுலேட்டரைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். டயாஃப்ரமா பிஸ்டனா, எத்தனை போர்ட், உள்ளே என்ன உலோகம் என்று நீட்டி முழக்குவார்கள். கடைசியில் பில் போடும்போது மஞ்சள் நிறத்தில் ஒன்றை எடுத்து மேலே வைத்து, "இது ஆக்டோபஸ் சார், இதையும் சேர்த்துக்கிடுங்க" என்பார்கள். கதை முடிந்தது. காருக்கு ஸ்டெப்னி மாதிரி. இருந்தால் போதும், அது எப்படிப்பட்டது என்று யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை.

இதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த ஆக்டோபஸை, அதாவது அவசரத்துக்கான மாற்று ரெகுலேட்டரை, எப்படி அமைத்துக்கொள்வது என்ற முடிவை விலைப்பட்டியலிலிருந்து தொடங்கவே கூடாது. கூட யார் இறங்குகிறார்கள், எந்தத் தண்ணீரில் இறங்குகிறோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் திசையன்விளைக்காரன், பிழைப்பு பாளையங்கோட்டையில். கூட இறங்குவது உவரியில் இருக்கும் மச்சான். கச்சான் காற்று ஓய்ந்து கடல் கொஞ்சம் தெளியும் மாதங்களில் தூத்துக்குடியிலிருந்து ஃபைபர் படகில் போவோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. அதற்குள் நம்மைப் போன்றவர்கள் விளையாட்டுக்கு இறங்க முடியாது, அதற்கு வெளியே இருக்கும் பார்களில், அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளில்தான். காசு சேர்ந்தால் அந்தமான். இரண்டு கடலுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. அந்தமானில் இருபது மீட்டர் தள்ளிப் போகிறவனின் துடுப்பு நிறம் தெரியும். நம் பக்கம் மழைக்காலம் முடிந்து, புன்னக்காயலில் தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் இன்னும் அடங்காத நாட்களில் இறங்கினால், நீட்டிய கையின் விரல் தெரிந்தால் அதிர்ஷ்டம். இந்த வித்தியாசம் பிறகு முக்கியமாகும்.

டைவிங் பழக்கம் இல்லாதவர்களுக்காகச் சுருக்கமாக. சிலிண்டருக்குள் காற்று 200 பார் அழுத்தத்தில் இருக்கிறது. ஒரு பார் என்பது கரையில் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்த அளவு. அதை அப்படியே வாய்க்குக் கொண்டுவந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். சிலிண்டர் வாயில் மாட்டும் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்தைவிட ஒன்பது பத்து பார் அதிகம் என்ற அளவுக்கு அதைக் குறைக்கும். அங்கிருந்து ஹோஸ் வழியாக வாயில் கவ்வும் செகண்ட் ஸ்டேஜுக்கு வரும்போது, நாம் இழுத்தால் மட்டும் திறந்து, சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்திலேயே காற்றைத் தரும். 1943-இல் பிரான்சில் குஸ்தோவும் காக்னானும் செய்து காட்டிய அக்வாலங் முதல் இன்றுவரை அடிப்படை இதுதான். ஆக்டோபஸ் என்பது அதே ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து கிளைக்கும் இன்னொரு செகண்ட் ஸ்டேஜ்.

அதே ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து. இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

என் சிலிண்டரில் காற்று தீர்ந்தால் என் நெஞ்சில் தொங்கும் ஆக்டோபஸிலும் காற்று இருக்காது. என் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் கெட்டால் இரண்டு வாயும் சேர்ந்தே கெடும். மவுத்பீஸ் கிழிந்துபோவது, செகண்ட் ஸ்டேஜுக்குள் மணல் சிக்கித் தண்ணீர் ஒழுகுவது போன்ற சில சில்லறைக் கோளாறுகளுக்குத்தான் என் ஆக்டோபஸ் எனக்கே உதவும். மற்ற எல்லாவற்றுக்கும் அது அடுத்தவனுக்கு. எனக்கான மாற்றுக் காற்று மச்சானிடம் இருக்கிறது. மச்சான் எங்கே இருக்கிறான் என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியை என்னிடம் முதலில் கேட்டவர் எந்தப் பயிற்சியாளரும் இல்லை. தூத்துக்குடியில் சங்கு குளித்துக்கொண்டிருந்த சித்தப்பாதான் கேட்டார். இளவயதில் கண்ணாடி மட்டும் மாட்டிக்கொண்டு தம் பிடித்து இறங்கியவர். பிறகு எல்லோரையும் போலப் படகில் கம்ப்ரசர் வைத்து, டியூப்பைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கினார். வளையலுக்காகக் கல்கத்தாவுக்குப் போகும் சங்கு அது. இஞ்சின் புகை அந்தக் காற்றில் கலந்தால் ஆள் அங்கேயே மயங்கலாம். அதிக நேரம் ஆழத்தில் இருந்துவிட்டு வேகமாக ஏறி, கை கால் வராமல் போனவர்களும் உண்டு. மாற்று ரெகுலேட்டர் என்ற பேச்சே அங்கே கிடையாது. ஒரு டியூப், மேலே அதைப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஆள், அவ்வளவுதான். அதற்கும் முந்தைய தலைமுறையில், 1961-இல் தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய முத்துக்குளிப்பு நடந்த காலம்வரை, கல்லைக் கட்டிக்கொண்டு இறங்குகிறவனின் கயிறு மேலே ஒருவன் கையில் இருக்கும். கீழே இருப்பவன் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். அந்த ஆள் யார் என்பதை யாரும் சும்மா முடிவு செய்வதில்லை.

என் சாமானைத் திண்ணையில் பரப்பி வைத்திருந்தபோது சித்தப்பா மஞ்சள் ஹோஸைத் தூக்கிப் பார்த்தார்.

"ஏல, இது எதுக்குலே?"

"கூட வாரவனுக்குக் காத்து தீந்துட்டா குடுக்க, சித்தப்பா."

"அப்ப ஒனக்குத் தீந்தா?"

"அவன்கிட்ட ஒண்ணு இருக்கும்லா."

"சரி. அவன் எங்கன இருப்பான்?"

நான் சொன்ன பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை. எனக்கும் இல்லை. காற்று தீர்வது பெரும்பாலும் இழுக்கும்போதுதான் தெரியும். அதாவது நுரையீரல் காலியாக இருக்கும்போது. இரண்டு மூன்று மூச்சுக்கு முன்பே இழுப்பு கனக்கத் தொடங்கும், கவனித்தால் தெரிந்துகொள்ளலாம். கவனிக்கவில்லை என்றால் உங்களுக்கு இருப்பது சில நொடிகள். அந்த நொடிகளில் எவ்வளவு தூரம் துடுப்படிக்க முடியுமோ அதற்குள் மச்சான் இருக்க வேண்டும். அவனோ பாறை இடுக்கில் எதையோ படமெடுத்துக்கொண்டிருப்பான்.

இதற்குப் பிறகு நாங்கள் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் ஒத்திகை பார்த்தோம். நம் பக்கத்துப் பிள்ளைகள் எல்லோரும் நீச்சல் படித்த மாதிரிக் கிணறுதான். மோட்டார் ஓடாத நாளில் நல்ல ஆழம் இருக்கும். பயிற்சி பெற்றவர்களாக இருந்தாலும் கிணற்றில் தனியாக இறங்காதீர்கள், மேலே ஆளும் கயிறும் வேண்டும். நாங்கள் வைத்த விதி எளிது. ஒருவன் எந்த நேரத்திலும் 'காற்று இல்லை' என்று கழுத்தைக் கையால் வெட்டுவதுபோலச் சைகை காட்டலாம், மற்றவன் கொடுக்க வேண்டும். மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டும் செய்தோம், ஏனென்றால் நம் கடலின் கலக்கலுக்கு அதுதான் கிட்டத்தட்ட சரியான ஒத்திகை.

மாஸ்க்கோடு இருக்கும்போது எல்லாம் புத்தகத்தில் இருப்பதுபோல நடந்தது. மஞ்சளைத் தேடினான், எடுத்தான், கவ்வினான். மாஸ்க் இல்லாதபோது மச்சானின் கை நேரே என் வாய்க்குத்தான் வந்தது. காரணம் எளிது. குமிழி எங்கிருந்து வருகிறதோ அங்கே காற்று இருக்கிறது என்று அவன் உடம்புக்குத் தெரியும். நெஞ்சில் எங்கோ மாட்டியிருக்கும் இன்னொன்று வேலை செய்கிறதா, அதில் சேறு அடைத்திருக்கிறதா என்று அந்த நேரத்தில் யார் யோசிப்பார்கள்? பதற்றத்தில் இருப்பவன் எதிரே இருப்பவனின் வாயில் உள்ளதைப் பிடுங்குவான் என்பது டைவிங் உலகம் நெடுநாளாக அறிந்த விஷயம்தான். ஆனால் படித்துத் தெரிந்துகொள்வதற்கும், நம் பல்லிலிருந்து மவுத்பீஸ் இழுபடுவதற்கும் வித்தியாசம் உண்டு.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவானது. பிடுங்கப்பட்ட பிறகு ஆக்டோபஸில் மூச்சு விடப்போவது நான்தான். அப்படியானால் கடைக்காரர் கடைசியில் தூக்கிப்போட்ட அந்த மலிவுச் சாமானில், பதறிக்கொண்டிருக்கும் ஒருவனைப் பிடித்துக்கொண்டு, நான் இருபது மீட்டரிலிருந்து ஏற வேண்டும். இப்போது விலையைப் பாருங்கள், முதலில் மிச்சப்படுத்தியதாகத் தோன்றிய பணம் அவ்வளவு சந்தோஷம் தராது.

இனி அமைப்புகளுக்கு வருவோம். எல்லோருக்கும் தெரிந்தது வழக்கமான ஆக்டோபஸ். வாயில் இருப்பதன் ஹோஸ் சுமார் 70 சென்டிமீட்டர், ஆக்டோபஸின் ஹோஸ் 90 முதல் 100 சென்டிமீட்டர். தாடைக்கும் கீழ் விலா எலும்புகளுக்கும் நடுவே, எதிரே இருப்பவன் கண்ணில் படும் இடத்தில் மாட்ட வேண்டும். கெட்டது எங்கே என்றால், பெரும்பாலானவர்கள் அதை ஒழுங்காக மாட்டுவதில்லை. மிதப்பைக் கூட்டவும் குறைக்கவும் காற்றடைக்கும் சட்டையான பிசிடியின் பைக்குள் செருகுவார்கள், அல்லது ஒரு ரப்பர் வளையத்தில் தொங்கவிட்டு, பாதி டைவிலேயே அது நழுவி மணலில் இழுபட்டுக்கொண்டு வரும். வண்டல் அள்ளிய செகண்ட் ஸ்டேஜை வாயில் வைத்தவன் இருமத் தொடங்கினால் அதற்குமேல் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பயிற்சி மையங்களில் பெரும்பாலும் சொல்லிக்கொடுப்பது இந்த அமைப்பைத்தான், அதனால் முன்பின் தெரியாதவரோடு இறங்கினாலும் அவருக்கு இது புரியும் என்பது இதன் பெரிய பலம்.

இரண்டாவது, பிசிடியில் காற்று ஏற்றும் இன்ஃப்ளேட்டரோடு சேர்ந்தே வரும் செகண்ட் ஸ்டேஜ். ஸ்கூபாப்ரோவின் ஏர்-2 இந்த வகையில் பெயர் பெற்றது. ஒரு ஹோஸ் மிச்சம், விமானத்தில் எடை மிச்சம். இதில் கொடுப்பது எப்போதும் வாயில் இருப்பதைத்தான், நீங்கள் இன்ஃப்ளேட்டரில் மூச்சு விடுவீர்கள். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் ஏறும்போது பிசிடியிலிருந்து காற்றை விட வேண்டும், அதற்கு அதே சாதனத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், அதுவோ உங்கள் வாயில் இருக்கிறது. ஹோஸ் குட்டை, தலையைத் திருப்ப முடியாது. பழகியவர்கள் பின்பக்க வால்வு வழியாகக் காற்றை விட்டுச் சமாளிக்கிறார்கள். போதாததற்கு வாயில் இருக்கும் முதன்மை ரெகுலேட்டருக்கு நீள ஹோஸ் போடாமலே இதை மாட்டிக்கொண்டு வருபவர்களைப் பார்த்திருக்கிறேன். 70 சென்டிமீட்டர் ஹோஸில் இன்னொருவனுக்குக் காற்று கொடுத்தால் இருவரும் மூக்கோடு மூக்கு உரசிக்கொண்டுதான் ஏற வேண்டும். எனக்கு இது ஒத்துவரவில்லை.

மூன்றாவதுதான் நாங்கள் பிடித்துக்கொண்டது. நீள ஹோஸ், கழுத்தில் மாற்று. வாயில் இருப்பதற்கு நீளமான ஹோஸ். மாற்று ரெகுலேட்டர் குட்டை ஹோஸில், ரப்பர் கயிற்று மாலையாகத் தாடைக்கு அடியிலேயே தொங்கும். யாராவது காற்று கேட்டால் வாயில் இருப்பதை எடுத்து நீட்டிவிட்டு, தலையைக் குனிந்து கழுத்தில் இருப்பதைக் கவ்விக்கொள்ள வேண்டும். கையே தேவையில்லை என்று சொல்லுமளவுக்கு அருகில் இருக்கும். மணலில் இழுபடவும் வழியில்லை.

இது ஃப்ளோரிடாவின் குகை டைவர்களிடமிருந்து வந்தது. அங்கே சுண்ணாம்புக் கல்லைத் தண்ணீர் அரித்து உண்டாக்கிய குகைகளில் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும் என்பதால் 2.1 மீட்டர் ஹோஸ். சுண்ணாம்புக் குகை என்றதும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆயன்குளம் கிணறு ஞாபகம் வரும். 2021 மழையில் வெள்ளம் முழுவதையும் விட்டும் நிரம்பாத கிணறு. சென்னை ஐஐடிக்காரர்கள் வந்து ஆராய்ந்து, அடியில் சுண்ணாம்புப் பாறைக்குள் நீர் போகும் வழிகள் இருப்பதாகச் சொன்னார்கள். "உள்ள இறங்கிப் பாத்தா என்ன?" என்று கேட்ட நண்பர்கள் உண்டு. வேண்டாம். குகை டைவிங் தனிப் பயிற்சி, தலைக்கு மேல் பாறை இருக்கும் இடத்துக்கு ஸ்கூபா சர்டிஃபிகேட் போதாது.

திறந்த கடலுக்கு 2.1 மீட்டர் அதிகம். நாங்கள் போட்டிருப்பது 1.5 மீட்டர். வலது அக்குளுக்கு அடியில் வந்து, நெஞ்சின் குறுக்கே போய், கழுத்தைச் சுற்றி வாய்க்கு வரும். ஒரு மீட்டர் ஹோஸை அக்குளுக்கு அடியில் நேராக எடுத்து, வாயருகே திரும்பும் முழங்கை இணைப்பு மாட்டியும் செய்யலாம். மலிவு, எளிது, ஆனால் இணைப்பு ஒன்று கூடுகிறது, அதிலும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் இருக்கிறது, அதுவும் ஒருநாள் கசியும். இதில் சிக்கல் என்றால் பழக்கம்தான். நீள ஹோஸை பிசிடி பட்டைக்கு அடியில் மாட்டிக்கொண்டு விட்டால், கொடுக்க நீட்டும்போது பாதியில் நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் குதிப்பதற்கு முன் படகிலேயே முழுசாக நீட்டிப் பார்க்க வேண்டும். இன்னொன்று, வாடகைச் சாமானோடு வரும் புதியவர் மஞ்சளைத் தேடுவார், உங்களிடம் மஞ்சள் இருக்காது. "என் வாயில் இருப்பதைத்தான் தருவேன், பிடுங்கினாலும் பரவாயில்லை" என்று அவரிடம் தண்ணீருக்கு மேலே இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.

நான் கடைசியாகத் தீர்மானித்ததற்கு நம் கலக்கல் தண்ணீரும் ஒரு காரணம். நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், இழுக்கும்போது இருவரும் ஒரே ஹோஸில் தொங்கிக்கொண்டு ஏற வேண்டியிருந்தால் கூடுதல் அரை மீட்டர் பெரிய விஷயம். முட்டிக்கொள்ளாமல், ஒருவர் பிசிடி பட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு, அவரவர் பிரஷர் மீட்டரையும் பார்க்கலாம்.

பிரஷர் மீட்டர் என்றதும் காற்றுக் கணக்கு. இதை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை என்று சொல்ல மாட்டேன், சொல்லிக்கொடுத்ததை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. 18 மீட்டரில் இருக்கிறீர்கள் என்று வையுங்கள், அங்கே அழுத்தம் 2.8 பார். பதற்றத்தில் ஒருவருக்கு நிமிடத்துக்கு மேற்பரப்புக் கணக்கில் 30 லிட்டர் வேண்டும் என்றால், இருவருக்கு 60. அந்த ஆழத்தில் அது 168 லிட்டர். கொடுத்து, வாங்கி, நிதானத்துக்கு வர ஒரு நிமிடம். நிமிடத்துக்கு 9 மீட்டர் என்று ஏற இரண்டு நிமிடம், சராசரி அழுத்தம் 1.9 பார், அதற்கு 228 லிட்டர். இதுவரை 396. பாதுகாப்பு நிறுத்தமாக ஐந்து மீட்டரில் மூன்று நிமிடம் நின்றால் இன்னும் 270. மொத்தம் 666 லிட்டர். நம் வாடகை அலுமினிய சிலிண்டர் 11 லிட்டர். 'அம்பது பாரில் மேலே வந்துடுங்க' என்பார்களே, அந்த ஐம்பது பாரில் உள்ளே இருப்பது 550 லிட்டர். அதாவது மேலே போய்ச் சேர்ந்துவிடலாம், பாதுகாப்பு நிறுத்தத்துக்குக் காற்று பற்றாது. அதனால் 18 மீட்டருக்குப் போனால் நாங்கள் எழுபது பாருக்குக் கீழே விடாமல் ஏறத் தொடங்குகிறோம். மாற்று ரெகுலேட்டர் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதன் பின்னால் இந்தக் காற்று இல்லாவிட்டால் அது வெறும் ரப்பர்.

இதே கணக்கு ஃபர்ஸ்ட் ஸ்டேஜைத் தேர்ந்தெடுக்கவும் உதவும். விலை குறைந்த, சமன் செய்யப்படாத பிஸ்டன் வகையில், சிலிண்டர் அழுத்தம் குறையக் குறைய ஹோஸில் வரும் அழுத்தமும் குறையும், இழுப்பு கனக்கும். சாதாரண நாளில், ஒரே ஆள் ஆழமில்லாத இடத்தில் மூச்சு விட்டால் தெரியவே தெரியாது. காற்று தீரப்போகும் நேரத்தில், இருவர் ஒன்றாக வேகமாக இழுக்கும்போதுதான் தெரியும். மாற்று ரெகுலேட்டர் தேவைப்படுவதே பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். ஆகவே பணத்தைக் கொட்டுவதானால் செகண்ட் ஸ்டேஜின் பளபளப்பில் கொட்டாமல், சமன் செய்யப்பட்ட ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் போடுங்கள். ஐரோப்பியத் தர முத்திரை பார்த்து வாங்குபவர்கள், இஎன் 250 என்று எழுதியிருப்பதன் பக்கத்தில் 'ஏ' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். 2014 திருத்தத்தில் வந்தது அது. இருவர் ஒரே நேரத்தில் மூச்சு விடுவதை 30 மீட்டர் ஆழக் கணக்கில் சோதித்திருக்கிறார்கள் என்று பொருள்.

குளிர்நீர் ரெகுலேட்டர் என்று கூடுதல் விலைக்கு விற்பதை நம் ஆட்கள் வாங்குவது எனக்குப் புரியாத விஷயம். பத்து டிகிரிக்குக் கீழே உள்ள தண்ணீரில் உறைந்துபோகாமல் இருக்கத்தான் அந்த வடிவமைப்பு. மன்னார் வளைகுடாவில் பத்து டிகிரி வந்தால் மீனே செத்து மிதக்கும். ஒரே ஒரு நன்மை உண்டு. அவற்றில் பல, முன்பக்கம் சீல் வைத்த டயாஃப்ரம் வகை, அதனால் உப்பும் மணலும் உள்ளே போகாது. எங்கள் ஊரில் தேரி மண் சாப்பாட்டுத் தட்டுவரை வரும், வீட்டு போர் தண்ணீரே உப்பு, அலசினாலும் உப்பு போவதில்லை. அந்தக் காரணத்துக்காக வாங்குவதாக இருந்தால் சரி. நான் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய்த் தாமிரபரணிக் குழாய்த் தண்ணீரில் ஊறவைக்கிறேன், அது அதைவிட மலிவு. ஊறவைக்கும்போது, செகண்ட் ஸ்டேஜின் முன்னால் காற்றைத் திறந்துவிட இருக்கும் பர்ஜ் பட்டனை அழுத்தாதீர்கள். சிலிண்டர் அழுத்தம் இல்லாத நேரத்தில் அழுத்தினால் தண்ணீர் ஹோஸ் வழியாக ஃபர்ஸ்ட் ஸ்டேஜுக்குப் போய்விடும்.

மாற்று செகண்ட் ஸ்டேஜைப் பொறுத்தவரை என் கருத்து ஒன்றுதான்: வாயில் எது இருக்கிறதோ அதே மாடல். காரணம் செயல்திறனைவிட சர்வீஸ். திருநெல்வேலியில் இருந்துகொண்டு ரெகுலேட்டரை சர்வீஸுக்குப் பார்சல் அனுப்பித் திரும்பி வாங்குவதற்குள் சீசனே முடிந்துவிடும். இரண்டுக்கும் ஒரே கிட், ஒரே மெக்கானிக் என்றால் பாதித் தலைவலி போகும். ஒருமுறை ஒரு கடையிலிருந்து சர்வீஸ் முடிந்து வந்த என் மாற்று, மணிக்கணக்கில் மெல்ல சீறிக்கொண்டே இருந்தது. வாயில் இருப்பது மாதிரியே மிக மெல்லிய இழுப்புக்குத் திறக்கும்படி அதையும் வைத்துவிட்டார்கள். கழுத்தில் தொங்கும்போது தண்ணீர் ஓட்டம் பட்டாலே திறந்துகொள்ளும். மாற்றை ஒரு துளி கனமாக வைப்பதுதான் வழக்கம். அதையும் மிகவும் கனமாக வைத்துவிட்டால், மூச்சு வாங்கிக்கொண்டிருப்பவனுக்கு அது காற்றே தராதது போலத் தோன்றும். நடுவில் ஒரு இடம் இருக்கிறது, நல்ல மெக்கானிக்குக்கு அது தெரியும். சீறலைக் குறைக்கும் வெஞ்சுரி நெம்புகோல் இருந்தால், மாற்றில் அது 'மைனஸ்' பக்கம் இருக்கிறதா என்று குதிக்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணைப்பு வகையைப் பற்றி ஒரு வரி. நான் போன இடங்களில் வாடகை சிலிண்டர் பெரும்பாலும் ரெகுலேட்டரைக் கவ்வி இறுக்கும் யோக் வால்வுதான். திருகி மாட்டும் டின் வகை வாங்கி யோக் அடாப்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டால் எங்கும் சமாளிக்கலாம்.

படகில் நாங்கள் செய்வது இது. இருவரும் மாற்றி மாட்டிப் பார்ப்போம். நான் மச்சானின் கழுத்து ரெகுலேட்டரில் மூச்சு விடுவேன், அவன் அதே நேரத்தில் அவனுடைய முதன்மையில் இழுப்பான், இருவரும் அவன் பிரஷர் மீட்டரைப் பார்ப்போம். முள் ஒவ்வொரு இழுப்புக்கும் ஆடினால் சிலிண்டர் வால்வு முழுசாகத் திறக்கவில்லை என்று அர்த்தம். ஒருவர் மட்டும் இழுக்கும்போது இந்த ஆட்டம் சில சமயம் கண்ணில் படாது, இருவர் இழுத்தால் பட்டுவிடும். மவுத்பீஸ் கட்டியிருக்கும் பிளாஸ்டிக் டையை இழுத்துப் பார்ப்போம். பிடுங்கும்போது ரெகுலேட்டர் வந்து மவுத்பீஸ் மட்டும் பல்லில் தங்கிய கதை எல்லா ஊரிலும் உண்டு.

இன்னும் தீராத விவகாரம் போனி சிலிண்டர், துணைக்குக் கூடவே கொண்டுபோகும் சின்ன சிலிண்டர். தனி ஃபர்ஸ்ட் ஸ்டேஜ், தனி செகண்ட் ஸ்டேஜ், பெரிய சிலிண்டரோடு சம்பந்தமே இல்லாத காற்று. சித்தப்பா கேட்ட கேள்விக்கு நேரடியான பதில் இது ஒன்றுதான். மச்சான் எங்கே இருந்தாலும் என் காற்று என்னிடமே இருக்கும். 18 மீட்டரிலிருந்து ஒரு ஆள் நிதானமாக ஏறி, நிறுத்தமும் போட, முன் சொன்ன கணக்குப்படி 333 லிட்டர் வேண்டும். 2 லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால் 400 லிட்டர், போதும். 30 மீட்டருக்குப் போகிறவர்களுக்கு 500 லிட்டரைத் தாண்டும், 3 லிட்டர் சிலிண்டர் தேவை. கையடக்கமாக, தெர்மாஸ் குடுவை அளவில் விற்கிறார்களே, அதில் இருப்பது சுமார் 85 லிட்டர். 18 மீட்டரில் பதற்றத்தோடு மூச்சு விட்டால் ஒரு நிமிடம். அதில் பணம் போடுவதைவிட அதே காசுக்கு இன்னொரு அந்தமான் டிக்கெட் எடுக்கலாம்.

போனிக்கு எதிராகவும் நிறைய இருக்கிறது. எடை, விமானத்தில் கொண்டுபோகும் தொல்லை, அதற்கும் தனியாக சர்வீஸ், நிரப்பித் தரச் சொல்லிப் படகுக்காரரிடம் கெஞ்சல். கெட்ட பழக்கமும் ஒன்று வரும், இது இருக்கிறதே என்று இருவரும் விலகி விலகிப் போகத் தொடங்குவோம். இரட்டை சிலிண்டர், சிலிண்டரைப் பக்கவாட்டில் மாட்டும் சைட்மவுண்ட் எல்லாம் இதற்கு அடுத்த வகுப்பு, அதற்கு எங்கள் இருவருக்கும் இப்போது நேரமும் இல்லை, காசும் இல்லை.

இருவருக்கும் பொதுவாக ஒரு போனி மட்டும் வாங்கலாம் என்று பேச்சு வந்திருக்கிறது. யார் மாட்டுவது என்பதில்தான் நிற்கிறது. படமெடுக்கிறவன்தான் தள்ளிப் போகிறான், அவன் மாட்டட்டும் என்கிறேன் நான். கேமராவே கையை அடைத்துக்கொள்கிறது, நீங்க மாட்டுங்க மச்சான் என்கிறான் அவன். பொங்கல் முடிந்து கடல் தெளிவதற்குள் முடிவெடுக்க வேண்டும்.